கடற்கரையும் ஊதியமே!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில், ஒரகடத்துக்கு அருகே அமைந்திருக்கிறது வல்லக்கோட்டை. அருணகிரிநாதர் பாடிய தலம். ஏழடி உயர முருகன் திருமேனியால் புகழ்பெற்றது. செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் வந்துவிட்டால் சுற்றுவட்டாரமே இங்கு திரளும். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தத் திரளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த உழவர் குடும்பத்தினர். இன்று அதே வரிசையில் நிறுவன அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்த இளைஞர்களையும் இளம்பெண்களையும் காண்கிறோம்.

இந்த மாற்றத்தின் வேகம் வியப்புக்குரியது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றிய ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்கு 2007-இல் சாம்சங் வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் கனரக வாகன ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் ரூ.706.50 கோடி செலவில், 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை ஒரே வளாகத்துக்குள் குடியேறியிருக்கிறது என்று பொருள்.

இவர்களின் ஊதியம், பணிநேரம், தங்குமிடம், உணவு ஆகியவை பற்றி நாம் விவாதிக்கிறோம். ஆனால், வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு விடுமுறை நாளில் இவர்கள் எங்கே போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வார விடுமுறையைத் தொழிலாளரின் உரிமையாக்கியது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அந்த உரிமை விடுதி அறைக்குள் உறங்கிக் கழிப்பதற்காக மட்டும் பெறப்பட்டதன்று. மனமும் உடலும் புதுப்பிக்கப்படுவதற்கு ஓர் இடமும், அங்கே சென்று திரும்புவதற்கு ஒரு வழியும் இருந்தால்தான் ஓய்வுநாள் முழுமை பெறும்.

அந்த இடம் இல்லாமல் இல்லை. வல்லக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 50 முதல் 60 கிலோமீட்டர் தொலைவில் ஒருபுறம் சென்னை மெரினாவும், மறுபுறம் மாமல்லபுரமும் இருக்கின்றன. ஒன்று நாட்டின் மிகப் பெரிய நகர்ப்புறக் கடற்கரைகளுள் ஒன்று. மற்றொன்று 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட இடம். கேள்வி, இந்த இரண்டும் யாருக்காகப் பேணப்படுகின்றன என்பதுதான்.

சுற்றுலா என்றதும் நம் ஆட்சியாளர்கள், ஊடகங்கள் ஆகியோரின் மனத்தில் எழுவது வெளிநாட்டுப் பயணியின் உருவமும் அந்நியச் செலாவணியும் நட்சத்திர விடுதியும்தான். புள்ளிவிவரங்கள் வேறு கதை சொல்கின்றன. கொரோனாவுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் தமிழகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணியர் வருகை சுமார் 68.66 லட்சம், அவ்வகையில் நாட்டில் முதலிடம் நமக்கே. அதே ஆண்டில் உள்நாட்டுப் பயணியர் வருகையோ சுமார் 49.48 கோடி. ஒருவரே பல இடங்களில் எண்ணப்படுவதால் இவை ஆள்களின் எண்ணிக்கையல்ல, வருகைகளின் எண்ணிக்கை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்படியிருந்தும், ஒரு வெளிநாட்டுப் பயணிக்கு ஏறத்தாழ 72 உள்நாட்டுப் பயணியர் என்ற விகிதம், சுற்றுலாவைத் தாங்கி நிற்பவர்கள் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு புள்ளிவிவரமும் சிந்திக்கத் தக்கது. 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள் வெளிநாட்டினர் மிகுதியாகக் கண்டது தாஜ்மகாலை அன்று, மாமல்லபுரத்தை. இங்கு சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலில் சுமார் 39 ஆயிரம் பேர். அந்த நிதியாண்டின் பெரும்பகுதியில் சுற்றுலா விசா வழங்கப்படவே இல்லை. அப்படியானால், வந்தவர்களில் பலர் ஏற்கெனவே இங்கே பணிநிமித்தம் தங்கியிருந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது. கொரிய, ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் நிறைந்த ஒரு தொழில் வட்டாரத்துக்கு அருகே மாமல்லபுரம் இருப்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். பொறியாளருக்கு எட்டும் கடற்கரை, அவருடைய உற்பத்திப் பிரிவில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கும் எட்டுகிறதா என்பதே நம்முன் உள்ள வினா.

கடற்கரையை இயற்கையின் கொடை என்று சொல்லிவிடுகிறோம். மெரினாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கும்வரை, கடல் இன்றைய சாலைக்கு மிக அருகில் இருந்தது. நம் கிழக்குக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடதிசை நகர்வுதான். துறைமுகத்தின் கற்சுவர் அந்த ஓட்டத்தைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. அதற்கு வடக்கே, மணல் வரத்து நின்றுபோன ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் கடல் கரையை அரித்தது. வடசென்னை மீனவர் வீடுகளை இழந்தனர். கற்களைக் கொட்டித்தான் அந்தக் கரையைக் காக்க வேண்டியிருக்கிறது.

அதாவது, மெரினாவின் அகலத்துக்கான விலையை நகரின் இன்னொரு பகுதி மக்கள் கொடுத்திருக்கிறார்கள். பொதுக் கட்டுமானம் ஒன்றின் பக்கவிளைவாகப் பிறந்த நிலம் பொதுமக்களுக்கே உரியது என்று வாதிட இதைவிட வலுவான சான்று தேவையில்லை. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884-இல் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். பெயர் அவருடையது. ஆனால், அதற்கு வரலாற்று இடம் பெற்றுத் தந்தவர்கள் மக்கள். 1923 மே 1-ஆம் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் அன்று கூட்டங்கள் நடந்தன. 1959-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அங்கு நிறுவப்பட்டது. உழைப்பாளிக்குச் சிலை வைத்த கடற்கரைக்கு உழைப்பாளி வந்து சேர வழியில்லை என்றால், அது நமக்குப் பெருமையாகாது.

ஒருநாள் விடுப்பில் இந்தக் கடலோர நகரம் என்ன தர முடியும் என்று பார்ப்போம். மெரினாவில் நின்று சாலையின் மேற்கே பார்த்தாலே இருநூற்றாண்டு வரலாறு வரிசையாக நிற்கிறது. சேப்பாக்கம் அரண்மனை, 1879-இல் நிறைவடைந்த பல்கலைக்கழகச் செனட் இல்லம், மாநிலக் கல்லூரி, 1897-இல் விவேகானந்தர் தங்கிய பழைய ஐஸ் ஹவுஸ், 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி எனப் பட்டியல் நீளும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட வள்ளுவர், ஔவையார், இளங்கோ, கம்பர், பாரதியார், போப், கால்டுவெல் முதலியோரின் சிலைகளை ஒரு மணி நேர நடையில் கண்டுவிடலாம். இதற்கெல்லாம் கட்டணம் ஏதுமில்லை.

சிறு கட்டணத்தில் காணத்தக்கவையும் உண்டு. 2013-இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து நகரையும் கடலையும் ஒருசேரப் பார்க்கலாம். 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உள்ளன. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996-இல் தொடங்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்திய மரபு வீடுகளை அப்படியே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறது. வடநெம்மேலியில் 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் 40 ரூபாய்ச் சீட்டில் இந்தியர் காணலாம். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணமில்லை. ஒரகடத்திலிருந்து நேர்ச்சாலையில் உள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவை இதில் சேர்த்தால், ஓராண்டு வார விடுமுறைகளுக்கும் போதிய இடங்கள் நம்மிடம் உள்ளன.

ஆனால், இவை திறந்திருக்கும் நாளும் நேரமும் யாரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை? எழும்பூர் அருங்காட்சியகம் மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரவுப்பணி முடித்து நண்பகல்வரை உறங்கி எழுபவருக்கும், சுழற்சி முறையில் வெள்ளிக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ வார விடுப்பு வாய்ப்பவருக்கும் இந்தக் கதவுகள் மூடியே இருக்கின்றன. மாலையிலும் இரவிலும் திறந்திருக்கும் பெரிய பொது இடம் கடற்கரை ஒன்றுதான். அதனால்தான் அதன் மதிப்பு மிகுதியாகிறது.

இங்கே பொருளியல் சிறிது உதவும். கட்டணமில்லாத இடத்தின் மதிப்பைச் சுழியம் என்று கருதுவது பிழை. 1947-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலறிஞர் கடிதம் ஒன்றில் விடையளித்தார். மக்கள் அங்கு வந்து சேர எவ்வளவு செலவிடுகிறார்கள் என்று பாருங்கள், அதிலிருந்து அவர்கள் அந்த இடத்துக்குத் தரும் மதிப்பு புலப்படும் என்பது அதன் சாரம். பயணச் செலவு முறை என்று இன்று உலகெங்கும் பயன்படுவது அந்தக் கருத்துதான்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி கடற்கரை வந்து திரும்ப 100 ரூபாய் செலவிடுகிறார், 6 மணி நேரத்தைப் பயணத்தில் இழக்கிறார் என்று கொள்வோம். அவருடைய ஊதியம் மணிக்கு 75 ரூபாய். ஓய்வு நேரத்தை ஊதியத்தின் மூன்றில் ஒரு பங்காக மதிப்பிடுவது இவ்வகை ஆய்வுகளில் பரவலான வழக்கம். அதன்படி 6 மணி நேரத்தின் மதிப்பு 150 ரூபாய். ஆக, இலவசம் என்று சொல்லப்படும் கடற்கரைக்கு அவர் செலுத்தும் உண்மையான விலை 250 ரூபாய். அதில் பெரும்பகுதி காத்திருப்பிலும் நெரிசலிலும் கரைகிறது. எவருடைய கருவூலத்துக்கும் போய்ச் சேர்வதில்லை.

இந்தச் சிறு கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பயண நேரத்தை 6 மணியிலிருந்து 4 மணியாகக் குறைத்தால், ஒவ்வொரு முறையும் அவருக்கு 50 ரூபாய் தந்ததற்குச் சமம். மாறாக, கடற்கரையில் கட்டணப் பகுதிகளைப் பெருக்கினால், தொலைவிலிருந்து வருபவர்களும் ஊதியம் குறைந்தவர்களுமே முதலில் பின்வாங்குவர். நகரின் கட்டணமில்லா இன்பங்கள், சம்பளச் சீட்டில் அச்சிடப்படாத ஊதியம். அதைக் கூட்டவும் குறைக்கவும் அரசால் முடியும்.

தொழிற்பேட்டைக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவை உலகுக்குக் காட்டிய ஊர் இங்கிலாந்தின் பிளாக்பூல். 1846-இல் ரயில்பாதை வந்தபின், லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் அங்கு வந்து குவிந்தனர். ஒவ்வோர் ஆலை நகரமும் கோடையில் வெவ்வேறு வாரத்தில் ஆலைகளை மூடி விடுமுறை விட்டதால், ஒரே நாளில் கூட்டம் திரளாமல் பருவம் முழுவதும் பரவியது. பிரபுக்களை எதிர்பார்த்து நிற்காமல், தொழிலாளியின் சில்லறைக் காசுக்கேற்ற உணவகங்களையும் தங்குமிடங்களையும் கேளிக்கைகளையும் அந்நகரம் உருவாக்கிக்கொண்டது. அதன் புகழ்பெற்ற கோபுரம் 1894-இல் எழுந்தது. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் பிரிட்டனில் 1938-இல்தான் வந்தது என்பதைக் கருதினால், சட்டத்துக்கு முன்பே ரயிலும் திட்டமிடலும் தொழிலாளரைக் கடலோரம் கொண்டு சேர்த்துவிட்டன என்பது விளங்கும்.

நம் நிலை என்ன? ஒரகடம் வழியாக ரயில்பாதை இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில்பாதை அமைக்கும் எண்ணம் நெடுநாளாகத் திட்ட அளவிலேயே நிற்கிறது. மாமல்லபுரத்துக்கும் ரயில் இல்லை. வல்லக்கோட்டைவாசி மெரினா செல்ல, பேருந்தில் ஒரகடம் வழியாகத் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் பூங்கா அல்லது கோட்டை நிலையம் சேர்ந்து, பின்பு பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி அல்லது கலங்கரை விளக்க நிலையத்தில் இறங்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருப்பது பெரும் உதவி. ஆனால், கட்டணம் இல்லை என்பதால் மட்டும் பேருந்து வந்துவிடுவதில்லை. இரவு விடுதிக்குத் திரும்ப உறுதியான வண்டி உண்டு என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், கடலுக்குப் புறப்படும் எண்ணமே எழாது.

நம்பிக்கை தரும் ஒரு வாய்ப்பு கண்ணெதிரே இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் வழித்தடம் இடம்பெற்றுள்ளது. அதைப் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கவும் திட்டம் தீட்டப்பட்டுள்ளது. இந்த நீட்டிப்பு பற்றிய பேச்சில் விமான நிலையமே முதலிடம் பெறுகிறது. ஆனால், வரைபடத்தைச் சற்று உற்று நோக்கினால் வேறொன்று தெரியும். தொழிற்பேட்டையின் வாயிலையும் மெரினாவையும் ஒரே கோட்டில் இணைக்கும் பாதை அது. திட்டத்தின் பயன்களைக் கணக்கிடும்போது வேலைநாள் பயணங்களுடன் ஞாயிறு மாலைப் பயணங்களையும் சேர்க்க வேண்டும். சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லக்கோட்டை, ஒரகடம் பகுதிகளுக்கு இணைப்புப் பேருந்துகளையும் இப்போதே திட்டமிட வேண்டும்.

மெட்ரோ வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பணி மாற்றத்துக்குத் தொழிலாளரை ஏற்றி இறக்கும் ஒப்பந்தப் பேருந்துகள் இப்பகுதியில் ஏராளம். விடுமுறை நாளில் அவற்றில் சிலவற்றை மாலை புறப்பட்டு இரவு திரும்பும் கடற்கரைச் சேவையாக இயக்க நிறுவனங்களும் போக்குவரத்துக் கழகமும் உடன்பாடு காணலாம். பிளாக்பூல் பாடத்தின்படி, நிறுவனங்கள் தத்தம் வார விடுமுறைகளைப் பகிர்ந்துகொண்டால் ஞாயிறு நெரிசலும் குறையும். குடும்பத்தினரைக் காண ஞாயிறுதான் வேண்டும் என்பவர்களின் விருப்பத்தை மதித்தே இதைச் செய்ய வேண்டும்.

வந்து சேர்ந்தபின் உயிருடன் திரும்புவதும் உறுதியாக வேண்டும். மெரினாவில் இறங்கிக் குளிப்பது தடை செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே கடலடி விரைவில் ஆழமாகிறது. கரையில் மோதிய நீர் திரும்பும்போது, சில இடங்களில் ஒடுங்கிய ஆறுபோல வேகமாக உள்ளிழுக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடைவெளியே பெரும்பாலும் அந்த இழுப்பின் பாதை. கடலறியாதவர் அதைப் பாதுகாப்பான இடமென்று எண்ணி இறங்குகிறார். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவு வளைவு, 1930-இல் பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர்நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்காக எழுப்பப்பட்டது. கடலில் பழகிய மாலுமியையே கொண்டுபோன நீர் அது.

தொழிற்பேட்டைக்கு வருவோரில் பலர் கடலையே கண்டிராத உள்மாவட்டங்களையும் வடமாநிலங்களையும் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் வங்க மொழியிலும் படங்களுடன் பலகைகள் வேண்டும். ஆலைகளில் தீத்தடுப்புப் பயிற்சி அளிப்பதுபோல, விடுதிகளில் கடல் பற்றிய அரைமணி நேர விளக்கம் அளிக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. காக்கப்படும் உயிருக்கு விலையில்லை.

அடுத்தது கழிப்பறை. இதைச் சிறிய செய்தியாக எண்ணக் கூடாது. பெண்கள் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது அங்கே தூய்மையான, வெளிச்சமுள்ள கழிப்பறை இருக்கிறதா என்பதே. கொழும்பின் காலிமுகத் திடலை 1859-இல் அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்டு, பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அதைப் பேணுமாறு தம் பின்னவர்களுக்குப் பரிந்துரைத்துக் கல்வெட்டே பொறித்துவைத்தார். அந்த அக்கறை நமக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல 2022 நவம்பரில் மெரினாவில் திறக்கப்பட்ட மரப்பாதை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது, பின்பு சீரமைக்கப்பட்டது. அமைப்பதுடன் பணி முடிவதில்லை, பராமரிப்பும் திட்டத்தின் ஒரு பகுதி என்பதற்கு அது நல்ல பாடம்.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்ல இயலாது. காணும் பொங்கலன்று லட்சக்கணக்கானோர் கூடும் மெரினாவில், குழந்தைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுவதும், தடுப்புகளும் கண்காணிப்புக் கோபுரங்களும் அமைப்பதும், தற்காலிகக் கழிப்பறைகளையும் மருத்துவக் குழுவையும் நிறுத்துவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஒருநாள் காட்டும் திறமையை, அளவில் குறைத்து, எல்லா வார இறுதிகளுக்கும் நீட்டித்தால் போதும்.

ஓர் எதிர்வாதம் எழும். கட்டணமில்லாத இடம் பாழாகும், குப்பை சேரும். வெனிஸ் நகரமே 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணியரிடம் கட்டணம் வசூலிக்கிறதே என்பர். வெனிஸின் நிலை வேறு. அங்கு வருவோர் பெரும்பாலும் உலகெங்குமிருந்து வரும் பயணியர். உள்ளூர் மக்கள்தொகையோ சுருங்கிவருகிறது. மெரினாவுக்கு வருவோர் இந்த வட்டாரத்தின் செல்வத்தை உருவாக்குபவர்கள். அவர்களுடைய உழைப்பிலிருந்து கிடைக்கும் வரி ஏற்கெனவே அரசைச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அதற்காகப் பராமரிப்புச் செலவு வானத்திலிருந்து வருமென்று சொல்லவில்லை. கடற்கரையை மிகுதியாக அடைத்துக்கொள்வது நடந்து வருபவரன்று, காரில் வருபவர். எனவே வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கூட்டமான நேரத்தில் உயர்த்தி, அந்தத் தொகையைக் கடற்கரைத் தூய்மைக்கே ஒதுக்கலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, வரையறைக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தம் ஊழியருக்கு மட்டுமே பயன்படும் செலவு அதில் சேராது. ஆனால், எல்லாருக்கும் பயன்படும் பொதுக் கழிப்பறையும் சுகாதார வசதிகளும் சேரும். தொழிற்பேட்டை நிறுவனங்கள் இதில் கைகோக்கலாம்.

மேம்பாடு என்ற பெயரில் ஏற்கெனவே அங்கு வாழ்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவரின் படகுகளையும் வலைகளையும் அகற்ற முயன்றது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கடற்கரை நமக்குப் பொழுதுபோக்கிடம். நொச்சிக்குப்பத்தாருக்கும் நடுக்குப்பத்தாருக்கும் அது பணியிடம். தெருவோர வணிகர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மெரினாவில் உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 900 ஒரே மாதிரியான வண்டிகளை அனுமதிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டதும் வணிகர்களை ஒழுங்குபடுத்தத்தான். தொழிலாளி தரும் 30 ரூபாய் சுண்டல்காரரின் குடும்பத்துக்குப் போகிறது. அங்கிருந்து அருகிலுள்ள மளிகைக் கடைக்குப் போகிறது. ஊருக்குள்ளேயே சுற்றும் அந்தக் காசு, வெளியூர்த் தலைமையகத்துக்கு லாபமாகச் சென்றுவிடும் காசைவிட இந்நகருக்குப் பயன் மிக்கது.

மொத்தத்தில் தேவைப்படுவது புதிய கவர்ச்சித் திட்டங்கள் அல்ல. இருப்பவற்றை எட்டச் செய்யும் பேருந்தும் ரயிலும், தொழிலாளரின் பணிநேரத்தை அறிந்து திறக்கும் கதவுகளும், உயிர்காக்கும் ஏற்பாடும், தூய கழிப்பறையும்தான். சுற்றுலாத் துறை, தொழில் துறை, போக்குவரத்துத் துறை, மாநகராட்சி ஆகியவை தனித்தனியே சிந்திப்பதால் இவை எவருடைய பொறுப்பும் ஆகாமல் நிற்கின்றன. நான்கும் ஒரே மேசையில் அமர்ந்து, ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வட்டாரத்துக்கென்று வார இறுதிப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். முதற்கட்டமாக வல்லம்-வடகால் விடுதியிலிருந்து ஒரு பேருந்தைத் தொடங்கினாலும் போதும்.

கார்கள் வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து சென்னை, எண்ணூர் துறைமுகங்களை அடைந்து கடல் கடந்து செல்கின்றன. அவற்றுக்காக ஆறுவழிச் சாலைகளை அமைத்தோம். தாமதமின்றிக் கப்பலேறத் திட்டமிட்டோம். செய்து முடித்த பொருள் கடலை அடைய இத்தனை அக்கறை காட்டும் நாம், அதைச் செய்த கைகள் வாரத்தில் ஒருமுறை அலைகளைத் தொட்டுத் திரும்பவும் வழி செய்ய வேண்டும்.